வண்டியை எண்ணாதீர்கள், மனிதரை எண்ணுங்கள்!

(கண்டியில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் திரண்டிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இக்கூட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்திருந்தோம். நாலேமுக்காலுக்குத்தான் தொடங்க முடிந்தது. காலந்தாழ்ந்தமைக்குத் தலைவர் அவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவரல்லர். மாரஸ்ஸனப் பக்கத்திலிருந்து புறப்பட்ட நம் விவசாய நண்பர்கள் வீதியோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றார்கள். பஸ் வரவில்லை. பின்னர் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்கள் இக்கூட்டம் முடியுமுன்பே எழுந்து போகவும் வேண்டியிருக்கும். கடைசி வண்டியைத் தவறவிட்டால் இரவு முழுவதும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்தான் இருக்கவேண்டும். ஆகவே அவர்களுக்கு இப்பொழுதே விடை தந்துவிடுகின்றேன். நடுவில் எழுந்து போவதை யாரும் அவமரியாதையாக எண்ணவேண்டாம்.

இன்று நான் பேச வந்த விடயமும் இதுவேதான். ஒரு பிரதேசத்தின் போக்குவரத்து நன்றாக நடக்கின்றதா, இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது? நெல்லை அளக்க மரைக்கால் உண்டு; துணியை அளக்க முழக்கோல் உண்டு. மக்கள் தாம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, வீடு திரும்புகின்றார்களா என்பதை அளக்க நம்மிடம் என்ன இருக்கின்றது?

தள்ளுபடியான ஒரு வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு தாய் வந்தார். தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சட்டப்படி அவருக்குச் சேரவேண்டிய பணம் மறுக்கப்பட்டிருந்தது. வழக்குத் தொடுத்தோம். நியாயம் முழுவதும் எங்கள் பக்கத்தில் இருந்தது. விசாரணைக்குக் குறித்த நாளன்று காலை அவருடைய பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. நான் எழுந்து அவகாசம் கேட்டேன், கிடைக்கவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று. பதினொரு மணிக்கு, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சிரைக்க அந்தத் தாய் படியேறி வந்தார். "ஐயா, விடிய நாலரைக்கே எந்திரிச்சு வந்தேங்க. அஞ்சரை பஸ் வரலீங்க" என்றார்.

அந்த வழக்கை மீண்டும் ஏட்டில் சேர்ப்பதற்கு எட்டு மாதங்கள் சென்றன. எட்டு மாதங்கள் அவருடைய பணம் முடங்கிக் கிடந்தது. எதிர்த்தரப்பு அவரைத் தோற்கடிக்கவில்லை. சட்டமும் அவரைக் கைவிடவில்லை. வராத ஒரு பஸ் வண்டி அவரைத் தோற்கடித்தது. ஆயினும் அந்தப் பஸ் வராதது எந்தப் புள்ளிவிபரத்தில் ஏறியது? எந்த அறிக்கையில் இடம்பெற்றது? எங்கும் இல்லை. அவர் இழந்த ஒரு நாட் கூலியை எண்ணியவரும் எவருமில்லை.

அளவுகோல் யாருடையது?

அன்பர்களே! அளவு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. அளப்பவன் எவனோ, அவனுடைய தேவையே அளவுகோலாகின்றது. இதற்கு நம் கண்டியின் சரித்திரமே சாட்சி.

கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டில் கண்டியை வந்தடைந்தது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். ஆனால் அந்தப் பாதை போடப்பட்டபோது தேயிலை இல்லை, கோப்பியே இருந்தது. மலையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு மூடை கோப்பியை எவ்வளவு விரைவாக, எவ்வளவு மலிவாகக் கொண்டுசெல்லலாம் என்பதே அன்றைய துரைமாரின் கேள்வி. அந்த அளவுகோலின்படி இருப்புப்பாதை மாபெரும் வெற்றி. 1880இல் மாத்தளைக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் அது நீண்டது.

ஆனால் அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் எப்படி மலைக்கு வந்தார்கள்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே, மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் தாகத்திலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். மூடைக்கு இருப்புப்பாதை, மனிதனுக்கு ஒற்றையடிப்பாதை! கணக்குப் புத்தகத்தில் மூடை ஏறியது. வழியில் விழுந்தவன் ஏறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கணக்குப் புத்தகங்கள் அதிகம் மாறிவிடவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கிண்ணத்துக்குள் ஒரு நகரம்

கண்டி மாநகரின் அமைப்பை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் இது. மகாவலி கங்கை நகரை வளைத்து ஓடுகின்றது. மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்களின் வழியாகவே நகருக்குள் நுழையவேண்டும். பெரிய பாடசாலைகள், தேசிய வைத்தியசாலை, நீதிமன்றங்கள், கச்சேரி, சந்தை அனைத்தும் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கின்றன. 1998 சனவரியில் தலதா மாளிகை மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலுக்குப் பின், அதன் முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தச் சுமையும் மற்ற வீதிகளின் மேல் வீழ்ந்தது. பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் பேராதனை வீதியில் நின்று பாருங்கள். நடந்து போகின்ற முதியவர் பஸ்ஸில் இருக்கின்ற இளைஞனை முந்திச் செல்வார்.

இதற்கு மருந்தென்ன என்று கேட்டால், வீதியை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு, சுரங்கம் குடை என்கின்றார்கள். குட்ஷெட் நிலையம் இருந்த இடத்திலே உலக வங்கிக் கடனுதவியோடு பெரும் போக்குவரத்து முனையம் அமைக்கும் திட்டமும் வந்தது. நான் இவற்றுக்கு எதிரியல்லன். மழையில் நனையாமல் நின்று பஸ் ஏறுவதை யார் வேண்டாம் என்பார்? ஆனால் ஒன்று கேட்கின்றேன். கட்டடம் எழுந்த பின்னர், அது பயன் தந்ததா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பீர்கள்? மணிக்கு எத்தனை வாகனங்கள் கடந்தன என்பதைக் கொண்டா?

ஓர் உதாரணம் சொல்கின்றேன். ஒரு சந்தியை ஒரு பஸ் வண்டியும் முப்பது மோட்டார்க் கார்களும் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் 60 பேர். முப்பது கார்களிலும் சேர்த்து 45 பேர். வாகனத்தை எண்ணுகின்ற உத்தியோகத்தரின் ஏட்டில் பஸ் 31இல் ஒன்று; அற்பமானது. மனிதரை எண்ணிப் பாருங்கள்: 105 பேரில் 60 பேர், பாதிக்கு மேற்பட்டவர்கள், அந்த ஒரே வண்டியில் இருக்கின்றார்கள். அந்தப் பஸ் பத்து நிமிடம் தடைப்பட்டால் 600 மனித நிமிடங்கள், அதாவது பத்து மணி நேரம் பாழாகின்றது. ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பைவிட அது அதிகம். காலை வேளையிலே பஸ்ஸுக்கு முதலிடம் கொடு என்று நாம் கேட்பது சலுகை கேட்பதாகாது; நேர்மையான எண்ணிக்கை கேட்பதேயாகும்.

காத்திருப்பின் கணக்கு

அடுத்ததாக, காத்திருப்பு. "இந்த வழியில் மணிக்கு ஆறு பஸ்கள் ஓடுகின்றன, பின் எதற்காக முறையிடுகின்றீர்கள்?" என்று அதிகாரி கேட்பார். ஆறு வண்டிகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வருமானால், பிரயாணி ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு வண்டிகள் மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு முறை வருமானால், சராசரியாகப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார். மேலும், முன்னே வருகின்ற வண்டியில் மூச்சுவிட இடமிருக்காது. பின்னே வருகின்ற இரண்டும் வெறுமையாக ஓடும். காகிதத்தில் இரண்டும் ஒன்றே: மணிக்கு ஆறு! வெயிலில் நிற்பவனுக்கோ துன்பம் மும்மடங்கு.

இலண்டன் மாநகரில் அடிக்கடி பஸ் ஓடுகின்ற வழிகளில் இந்த மிகைக் காத்திருப்பையே அளக்கின்றார்கள். அட்டவணைப்படி காத்திருக்கவேண்டிய நேரத்துக்கு மேலாகப் பிரயாணி எத்தனை நிமிடம் காத்து நின்றான் என்று கணக்கிட்டு, 2001 முதற்கொண்டு செய்யப்பட்ட ஒப்பந்தங்களில் அதற்கேற்பப் பஸ் கம்பெனிகளுக்குப் பணத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றார்கள். சிங்கப்பூரிலும் 2014இல் இதே வழியைப் பரீட்சித்தார்கள். பிரயாணியின் நேரம் அங்கே பணமாக மதிக்கப்படுகின்றது. நம் தோட்டத் தொழிலாளியின் நேரம் மட்டும் காசு பெறாததா?

போகாதவர்களை எண்ணுவது யார்?

மூன்றாவது அளவுகோலே எல்லாவற்றிலும் பெரியது. பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணிவிடலாம். ஏறாமலே வீட்டிலிருந்துவிட்டவர்களை எண்ணுவது யார்?

கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு லயத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கின்றார் என்று நினையுங்கள். வைத்தியசாலைக்குப் போய் வர ஒரு நாள் செல்லும். அன்றைய கூலி போய்விடும். பஸ் கட்டணத்துக்கு மேல் முச்சக்கரவண்டிக்கும் கொடுக்கவேண்டும். "அடுத்த மாதம் போகலாம்" என்று இருந்துவிடுகின்றார். அவர் பிரயாணியல்லர், எனவே பிரயாணிகள் கணக்கில் இல்லை. முறையிடவில்லை, எனவே முறைப்பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. பாடசாலைக்கு நாலு மைல் நடக்கமுடியாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையும் அப்படித்தான். மாலை வகுப்பு முடிந்தால் திரும்பிப் போக வண்டியில்லை என்பதனால் பல்கலைக்கழகக் கனவைக் கைவிட்ட பெண்ணும் அப்படித்தான். போஞ்சியை விடிவதற்குள் சந்தைக்குச் சேர்க்கமுடியாமல், தோட்டத்துக்கே வந்து சொன்ன விலைக்கு எடுத்துப்போகின்ற தரகரிடம் கொடுத்துவிட்ட விவசாயியும் அப்படித்தான்.

ஆகவே, நல்ல போக்குவரத்து எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: ஒரு கிராமத்திலிருந்து, ஒரு தோட்டத்திலிருந்து, எத்தனை பேர் ஒரு மணி நேரத்துக்குள் வைத்தியசாலையை அடையமுடியும்? எத்தனை பிள்ளைகள் மணி அடிக்குமுன் பாடசாலை சேரமுடியும்? வேலை முடித்து இருட்டுமுன் வீடு திரும்ப வண்டி உண்டா? போய்வரும் செலவு ஒரு நாட் கூலியில் எத்தனை பங்கு? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதாத அறிக்கை, எத்தனை நிறப் படங்களோடு அச்சிடப்பட்டாலும், அரைகுறை அறிக்கையே.

அயலிலுள்ள தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் அங்கே சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றார்கள். அவர்களுக்கும் சீட்டுக் கொடுக்கப்படுகின்றது, விலையில்லாச் சீட்டு. ஆகவே எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது கணக்கில் வருகின்றது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக இந்திய நாணயத்தில் 888 ரூபா மிச்சமாகின்றது என்று அம்மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. அங்கும் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணப்படாதிருந்தவர்களை எண்ணத் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்க வாதம்

ஒரு சட்டத்தரணி எதிர்த்தரப்பின் வாதத்தையும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன். தனியார் பஸ் உரிமையாளர் சொல்கின்றார்: "எரிபொருள் விலை, உதிரிப்பாக விலை, வட்டி எல்லாம் என் தலையில். இரவு எட்டு மணிக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையேறினால் நட்டம் யாருக்கு?" நியாயமான கேள்வி. சாரதியும் நடத்துனரும் அன்றைய வசூலை நம்பி வாழ்கின்றவர்கள். சன நெருக்கமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதும், பின்னர் மற்ற வண்டியை முந்த ஓட்டப்பந்தயம் ஓடுவதும் அவர்களுடைய கொடுமையினால் மட்டும் நிகழ்வனவல்ல. அவர்களை அப்படி ஓடவைக்கின்ற ஏற்பாட்டினால் நிகழ்வன.

1958 சனவரி முதலாந் திகதி பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதற்கு முன்னர் 1948இல் இரத்தினம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என மூன்று ஆய்வுகள் நடந்தன. முதலில் அளந்தார்கள், பின்னர் சட்டம் செய்தார்கள். 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. சபை பல துண்டுகளாகி, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மறுபடியும் ஒன்றாயிற்று. இலாபமில்லாத கிராம வழிகளில் ஓடுவதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கின்ற 'கெமி சரிய' என்ற திட்டமும், மாணவருக்கான 'சிசு சரிய' சேவையும் உண்டு. வழி தெரியாமல் நாம் தடுமாறவில்லை. எந்த மலைக்கு, எந்த வேளையில், எத்தனை பேருக்கு வண்டி வேண்டும் என்ற கணக்கில்லாமல் தடுமாறுகின்றோம். கணக்கிருந்தால் அந்த இரவு வண்டியின் நட்டத்தைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யக் கேட்கலாம். உரிமையாளரும் நம்மோடு நிற்பார்.

2025 நவம்பரில் கடுகண்ணாவைப் பக்கத்தில் மலை சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டதையும், அடுத்த சில நாட்களில் டித்வா சூறாவளியினால் மலைநாட்டு வீதிகளும் இருப்புப்பாதைகளும் பல இடங்களில் அறுந்ததையும் நீங்கள் கண்டீர்கள். பெருவீதி மூடப்பட்டால் நாடு முழுவதும் அறிகின்றது. லயத்துக்குப் போகின்ற பாதை இடிந்தால் யார் அறிகின்றார்கள்? எந்தப் பாதை எத்தனை நாட்களில் திறக்கப்பட்டது என்பதும் நம் அளவுகோலில் ஒன்றாகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், மாகாணத்துக்குள் பிரயாணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்தது. ஆனால் 2013 செப்டெம்பரில் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலின்றியே ஆண்டுகள் பல உருண்டோடின. அதிகாரம் இருக்கின்றது, கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லை! பஸ் வராததற்கும் வாக்குப்பெட்டி வராததற்கும் தொடர்பில்லை என்று எவரும் எண்ணவேண்டாம்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தினால், நீண்டகாலமாகத் தோட்டப் பாதைகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிட முடியாதிருந்தது. நம் மக்கள் வரி செலுத்தினார்கள், வாக்களித்தார்கள். பாதை மட்டும் "தோட்டத்துக்குரியது" என்று கைவிரிக்கப்பட்டது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்பொழுது "சட்டம் இடந்தராது" என்று எந்தச் சபையாவது சொன்னால், அந்தத் திருத்தத்தை அவர்கள் முன் விரித்து வையுங்கள்.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அதே பதின்மூன்றாம் திருத்தம் கூறுகின்றது. பஸ்ஸின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயரைத் தன் மொழியில் வாசிக்கமுடியாத ஒரு மூதாட்டிக்கு அந்த வண்டி வந்தும் வராததே. பெயர்ப்பலகையும் போக்குவரத்தின் ஓர் அளவுகோல்தான்.

யாவற்றுக்கும் மேலாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. எந்த வழிக்கு எத்தனை அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டன, அட்டவணை யாது, நேரக்கணிப்பாளரின் ஏட்டின்படி சென்ற மாதத்தில் எத்தனை ஓட்டங்கள் தவறின என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தங்கள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு.

ஒரு கொப்பி, ஒரு பென்சில்

நண்பர்களே! நீதிமன்றத்தில் கண்ணீர் சாட்சியமாகாது, ஏடு சாட்சியமாகும். "பஸ் வருவதேயில்லை" என்று பத்துப்பேர் கூச்சலிட்டால் அதிகாரி சிரிப்பார். "இந்த மாதத்தில் இருபத்திரண்டு வேலை நாட்களில் ஐந்தரை மணிப் பஸ் இத்தனை நாள் வரவில்லை, இத்தனை நாள் அரை மணிக்கு மேல் பிந்தியது, இத்தனை பேர் ஏறமுடியாமல் நின்றார்கள்" என்று திகதியோடும் கையொப்பத்தோடும் எழுதி வைத்தால் சிரிக்கமாட்டார்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது பணமன்று. ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஒரு கொப்பி, ஒரு பென்சில். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உயர்தர மாணவர்களே, கடை முதலாளிமாரே, ஒரு மாதம் எழுதுங்கள்: குறித்த நேரம், வந்த நேரம், ஏறமுடியாமல் நின்றவர் தொகை. தோட்டத்திலும் கிராமத்திலும் வீடு வீடாகப் போய் இன்னொன்றும் கேளுங்கள்: "சென்ற மாதத்தில் வண்டியில்லாத காரணத்தால் போகாமல் விட்ட பிரயாணம் எது?" அந்த விடைகளையும் எழுதுங்கள். டாக்டர்களே, கிளினிக்குக்கு வராதவர்களைக் கேட்டுக் குறியுங்கள். கணக்காளர்களே, அவற்றைத் தொகுத்துக் கொடுங்கள். சட்டத்தரணிகளாகிய நாங்கள் மனு எழுதுகின்றோம். சிங்கள விவசாயியும் முஸ்லிம் வியாபாரியும் இதே தரிப்பிடத்தில்தான் நிற்கின்றார்கள்; அவர்களிடமும் ஒரு கொப்பியைக் கொடுங்கள். வராத பஸ் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை.

இந்த மண்ணுக்கு நடந்து வந்த நம் முன்னோர் எத்தனை பேர், வழியில் வீழ்ந்தவர் எத்தனை பேர் என்று சரியான கணக்கு எவரும் வைக்கவில்லை. அன்று எழுதுவதற்கு நமக்கு எழுத்துமில்லை, ஏடுமில்லை. இன்று இரண்டும் உண்டு. இனி எண்ணப்படாமல் இருந்தால் குற்றம் நம்முடையதே.

மாரஸ்ஸன நண்பர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களுடைய பஸ் புறப்படும் நேரம் ஆறு மணி பத்து நிமிடம் என்பது அட்டவணை. அது எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதை அவர்களுள் ஒருவர் இன்றிரவே எழுதி வைப்பாராக. அதுவே நம் கொப்பியின் முதல் வரியாகட்டும்.